சாலைக்கு அடங்காத வீடு

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி இருக்கிறது கிளேசியர் தேசியப் பூங்கா. சமையலறை, படுக்கை, குளியலறை எல்லாம் உள்ளேயே கொண்ட ஆர்.வி. வண்டியில் அங்கே போக நினைக்கிறவர்கள், வரைபடத்தை விரிப்பதற்கு முன் அளவு நாடாவை எடுப்பது நல்லது. பூங்காவின் நடுவே மலையைக் கடந்து போகும் 'கோயிங் டு தி சன்' சாலையின் உயரப் பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிக்கு அனுமதி கிடையாது. பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்து அகலம் 8 அடியைத் தாண்டக் கூடாது. உயரம் 10 அடிக்கு மேல் போனால், சாலையின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை கூரையில் உரசக்கூடும். இன்று வாடகைக்குக் கிடைக்கும் மோட்டார் ஹோம்களில் பெரும்பாலானவை இந்த அளவுக்குள் வருவதில்லை.

இவ்வளவு பெரிய நாட்டில், எட்டு வழிச் சாலைகளைச் சர்வ சாதாரணமாகப் போட்டவர்கள், இந்த ஒரு மலைச்சாலையை ஏன் அகலப்படுத்தாமல் விட்டார்கள்? இதற்குப் பதில் தேடினால் 1924-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அதற்கும் முன்னால், பூங்காவுக்குள் மோட்டார் வண்டியை விடலாமா கூடாதா என்று நடந்த சண்டைக்கே போக வேண்டும். மலைப் பூங்காக்களையும் பசிபிக் கடற்கரையையும் ஒரே பயணத்தில் கோத்துப் பார்க்கும் அமெரிக்க வழக்கத்துக்கு நூறு வயது ஆகிறது. அதற்கான சாலைகளையும் முகாம்களையும் அமைத்தவர்களில் மிகச் சிறந்தவர்கள், எந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அறிந்தவர்கள். அவர்கள் போட்ட எல்லைகளைத்தான் இன்றைய பயணி அளவு நாடாவோடு சந்திக்கிறார்.

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குள் முதல் மோட்டார் வண்டி 1900-ல் நுழைந்தது. அது நீராவியில் ஓடிய லோக்கோமொபைல். பின்னாலேயே இன்னும் சில வந்தன. செங்குத்தான மண்பாதைகளில் குதிரை வண்டிகளும் இந்த இரைச்சல் வண்டிகளும் எதிரெதிரே வந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில், 1907-ல் பூங்கா நிர்வாகம் மோட்டாருக்குத் தடை போட்டது. வாஷிங்டன் மாநிலத்தின் மவுண்ட் ரெய்னியர் பூங்கா அதே காலத்தில் எதிர்த் திசையில் போய், மோட்டாரை முறைப்படி அனுமதித்த முதல் தேசியப் பூங்கா ஆனது. அனுமதி கிடைத்தாலும் சாலை கிடைத்துவிடவில்லை. 1911-ல் அதிபர் டாஃப்ட் அங்கே போனபோது, மலையின் மேல்பகுதிச் சேற்றில் அவருடைய காரைக் கோவேறு கழுதைகள்தான் இழுத்துப் போயின.

1912 அக்டோபரில் இதைப் பேசித் தீர்க்க யோசெமிட்டியிலேயே ஒரு மாநாடு கூடியது. உள்துறைச் செயலர் வந்திருந்தார், மோட்டார் சங்கத்தினர் வந்திருந்தார்கள். காடுகளைக் காக்க வாழ்நாளெல்லாம் எழுதிய ஜான் மியூரும் இருந்தார். மியூர் எதிர்க்கவில்லை. மோட்டார் எப்படியும் வரத்தான் போகிறது, வருகிறவர்கள் மலைகளின் ஆதரவாளர்களாக மாறட்டும் என்பது அவரைப் போன்றவர்களின் கணக்கு. அதே ஆண்டு, அமெரிக்காவில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ஜேம்ஸ் பிரைஸ் நேர்மாறான எச்சரிக்கை விடுத்தார். ஏதேன் தோட்டத்துக்குள் புகுந்த பாம்பு என்ன செய்யும் என்று ஆதாமுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் அதை உள்ளே விட்டிருக்க மாட்டான், யோசெமிட்டிக்கு மோட்டார் அந்தப் பாம்புதான் என்பது அவர் பேச்சின் சாரம். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது என்பதை அடுத்த நூறு ஆண்டுகள் காட்டின.

1913-ல் யோசெமிட்டி திறந்தது. யெல்லோஸ்டோன் 1915 ஆகஸ்ட் 1-ஆம் தேதி மோட்டாரை அனுமதித்தது. குதிரை வண்டிகளும் கார்களும் ஒரே சாலையில் இரண்டு ஆண்டுகள்கூட ஒத்துப்போகவில்லை. 1917-ல் அங்கே பயணிகளை ஏற்றிச்செல்லும் வேலை முழுவதும் பேருந்துகளுக்குப் போனது.

இந்தக் கட்டத்தில் வருகிறார் ஸ்டீபன் மேத்தர். வெண்காரம் விற்றுக் கோடீஸ்வரரானவர், மலையேற்றப் பித்தர். 1916 ஆகஸ்ட் 25-ல் அதிபர் உட்ரோ வில்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் தேசியப் பூங்காச் சேவை பிறந்தபோது அதன் முதல் இயக்குநர் அவர்தான். மக்கள் வந்தால்தான் நாடாளுமன்றம் பணம் தரும், சாலை இருந்தால்தான் மக்கள் வருவார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பதவிக்கு வருமுன்பே, 1915-ல், தன் சொந்தப் பணத்தையும் நண்பர்களின் நன்கொடையையும் போட்டு யோசெமிட்டியின் குறுக்கே போகும் டியோகா சாலையை விலைக்கு வாங்கி அரசுக்குக் கொடுத்தார். அரசாங்கம் செய்ய வேண்டியதைத் தன் பையிலிருந்து எடுத்துச் செய்யும் அதிகாரிகள் எந்த நாட்டிலும் அபூர்வம்.

அந்தச் சாலைக்கு ஒரு முன்கதை உண்டு. 1882-83-ல் ஒரு வெள்ளிச் சுரங்கக் கம்பெனிக்காக அது போடப்பட்டது. ஏறத்தாழ 90 கிலோமீட்டர், கருங்கல் மலைகளின் மேல், சுமார் 130 நாட்களில். மண்வெட்டியும் கடப்பாரையும் வெடிமருந்துமாக அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பகுதியினர் சீனத் தொழிலாளர்கள். அதே 1882-ல்தான் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்கா கொண்டுவந்தது. சுரங்கத்திலிருந்து விற்கும்படியாக வெள்ளி எதுவும் வரவில்லை, 1884-ல் அதை மூடிவிட்டார்கள். மூவாயிரம் மீட்டருக்கும் மேல் ஏறும் அந்தச் சாலை மட்டும் நின்றது. அதைப் போட்டவர்களை நினைவுகூரும் ஒரு கண்காட்சி பூங்காவின் வவோனா பகுதியில் 2021-ல்தான் திறக்கப்பட்டது. இத்தனை காலம் கழித்து என்பது வருத்தம் தருகிறது.

பூங்காக்களை ஒன்றோடொன்று இணைக்கும் யோசனை 1920-ல் செயலுக்கு வந்தது. அந்த ஆகஸ்டில் டென்வரிலிருந்து சில கார்கள் கிளம்பின. மேற்கு மாநிலங்களின் 12 தேசியப் பூங்காக்களைத் தொட்டு, ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் வட்டமடித்துத் திரும்பி வர அவற்றுக்கு இரண்டரை மாதம் பிடித்தது. பாதையின் மிகப் பெரும்பகுதி மண்தான். இன்று 'மலையும் கடலும்' என்று விளம்பரமாகும் சுற்றுலா வட்டங்களுக்கெல்லாம் அதுதான் முதல் வரைவு.

வண்டிகளின் கதை இதற்கு இணையாக வேறொரு தடத்தில் ஓடியது. 1910-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் ஒரு சொகுசுக் காரைக் காட்சிக்கு வைத்தது. பின் இருக்கையை மடக்கினால் கட்டில் ஆகும். ஓட்டுநர் இருக்கையின் முதுகிலிருந்து கைகழுவும் தொட்டி விரியும், மலஜலம் கழிக்க ஒரு பாத்திரமும் உண்டு. 1915-ல் ரோலண்ட் காங்க்லின் என்ற பேருந்துத் தொழிலதிபர் இன்னும் பெரிதாக யோசித்தார். சமையலறை, அடுக்குப் படுக்கைகள், மின்விளக்கு, கிராமபோன் எல்லாம் வைத்த எட்டு டன் பேருந்தில் குடும்பத்தோடு நியூயார்க் அருகிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை போனார். ஹென்றி ஃபோர்டு, தாமஸ் எடிசன், டயர் உற்பத்தியாளர் ஹார்வி ஃபயர்ஸ்டோன், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ் ஆகிய நால்வரும் சமையல் லாரி பின்தொடர ஆண்டுதோறும் காட்டுக்குக் கிளம்பியதைச் செய்தித்தாள்கள் விடாமல் எழுதின. 1921-ல் அதிபர் ஹார்டிங்கே அவர்கள் முகாமுக்கு வந்து தங்கினார்.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்காகவே நின்றிருந்தால் இந்த வரலாறு இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஃபோர்டின் மாடல் டி காரை விவசாயியும் பள்ளி ஆசிரியரும் வாங்க முடிந்தது. அவர்கள் காரின் பக்கவாட்டில் கூடாரத்தைக் கட்டினார்கள், தகர டப்பாக்களில் அடைத்த உணவை எடுத்துக்கொண்டார்கள், கிளம்பினார்கள். 1919-ல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் இப்படிப்பட்டவர்கள் கூடி 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று ஒரு சங்கமே தொடங்கினார்கள். ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்திருந்தால் அந்த வண்டி சங்கத்து வண்டி என்று அர்த்தம். சாலையில் அப்படி ஒன்று பழுதாகி நின்றால் இன்னொன்று நிறுத்தி உதவ வேண்டும்.

ஆரம்பத்தில் இவர்கள் பள்ளிக்கூட வளாகத்திலும் வயல் ஓரத்திலும் தங்கினார்கள். குப்பை பெருகியது, குடியானவர்கள் கோபப்பட்டார்கள். ஊர்கள் இதற்கு ஒரு வழி கண்டன. நகராட்சியே இலவச முகாம் அமைத்தால் பயணிகள் அங்கே தங்கி ஊர்க் கடைகளில் செலவழிப்பார்கள் அல்லவா? டென்வரின் ஓவர்லேண்ட் பூங்கா முகாம் 160 ஏக்கர். மளிகைக் கடை, சலவைக்கூடம், நடன மண்டபம் எல்லாம் அதற்குள்ளேயே. 1920-களின் நடுவில் வேலை தேடி அலைகிற ஏழைகளும் இந்த முகாம்களில் தங்க ஆரம்பித்ததும் ஊர்க்காரர்களின் விருந்தோம்பல் குறைந்தது. கட்டணம் வந்தது. கட்டணம் கொடுப்பதென்றால் கூரையும் வேண்டும் என்று பயணிகள் கேட்க, சிறு அறைகள் முளைத்தன. கலிஃபோர்னியாவின் கடலோரப் பாதையில் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற ஊரில் 1925 டிசம்பரில் கட்டடக் கலைஞர் ஆர்தர் ஹைன்மேன் திறந்த 'மைல்ஸ்டோன் மோ-டெல்'தான் உலகின் முதல் மோட்டல். காரை வாசலிலேயே நிறுத்திவிட்டு அறைக்குள் போகலாம்.

பூங்காக்களுக்குள்ளும் நெரிசல் ஏறியது. அங்கே முகாம் என்றால் மரத்தடியில் எந்த இடம் காலியாக இருக்கிறதோ அந்த இடம். கார் புல்லின் மேல் ஓடும், மரங்களுக்கு நடுவே புகுந்து திரும்பும். இந்த முறையை மாற்றியவரைச் சுற்றுலாக் கையேடுகளில் தேடினால் கிடைக்க மாட்டார். எமிலியோ மைனெக்கே, மரங்களுக்கு வரும் நோய்களை ஆராய்ந்த வனத்துறை விஞ்ஞானி. 1920-களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவின் ரெட்வுட் காடுகள் ஏன் நலிகின்றன என்று பார்க்கச் சொன்னார்கள். பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. அவர் தோண்டிப் பார்த்தது மண்ணை. வானளாவும் ரெட்வுட்டின் வேர்கள் ஆழமாக இறங்குவதில்லை, மேல்மண்ணிலேயே பரவுகின்றன. அந்த மேல்மண்ணைச் சக்கரங்களும் செருப்புகளும் மிதித்து மிதித்துக் கெட்டித் தரையாக்கிவிட்டன. தண்ணீர் இறங்க வழியில்லை, காற்று புக வழியில்லை. ஆயிரம் ஆண்டு வாழ்ந்த மரத்தைக் கோடாலி தொடாமலே, அதை ரசிக்க வந்தவர்கள் கொன்றுகொண்டிருந்தார்கள்.

மைனெக்கே 1932-ல் எழுதிய சிறு கையேட்டில் தீர்வு சொன்னார். முகாமுக்குள் ஒருவழிப் பாதை ஒன்று வளையமாகச் சுற்றி வரட்டும். அதிலிருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காரின் நீளத்துக்குச் சாய்வாக ஒரு கிளை பிரியட்டும். கிளையின் இரு பக்கமும் பாறாங்கல்லோ மரக்கட்டையோ பதித்துவிட்டால் கார் அதைத் தாண்டாது. மேசையையும் அடுப்பையும் நகர்த்த முடியாதபடி ஊன்றிவிட்டால் மனிதர்களும் அந்த ஓர் இடத்தையே மிதிப்பார்கள். மீதி நிலம் பிழைக்கும். அடுத்த ஆண்டு, பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த இளைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் அரசு 'சிவிலியன் கன்சர்வேஷன் கோர்' என்ற படையைத் தொடங்கியது. 1942 வரை ஏறத்தாழ 30 லட்சம் பேர் அதில் சேர்ந்தார்கள். மாதம் 30 டாலர் சம்பளம், அதில் பெரும்பகுதி நேராக வீட்டுக்குப் போய்விடும். நாடு முழுவதும் மைனெக்கேயின் வளையங்களை வெட்டியது அவர்களின் கைகள். இன்றைக்கும் அமெரிக்காவில் முகாம் இடத்தை முன்பதிவு செய்யத் திரையில் வரைபடத்தைத் திறந்தால், ஏ வளையம், பி வளையம் என்று கிளை கிளையாகத் தெரிவது அந்த வடிவம்தான். 'இந்தக் கிளை 22 அடி வண்டிக்கு மட்டும்' என்று குறித்திருந்தால், அது ஒரு மரத்தின் வேருக்காகப் போட்ட அளவாக இருக்கக்கூடும்.

இப்போது கிளேசியருக்கு வரலாம். அந்த மலையைக் கடக்க ஒரு சாலை வேண்டும் என்று முடிவானபோது பூங்காச் சேவையின் தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் குட்வின் ஒரு வழி வரைந்திருந்தார். லோகன் ஓடையை ஒட்டி ஏறும் அந்த வழியில் 15 கொண்டை ஊசி வளைவுகள். செலவு குறைவு, வேலை எளிது. நிலவடிவமைப்பாளர் தாமஸ் வின்ட் இதை ஏற்கவில்லை. அவ்வளவு வளைவுகளை வெட்டினால் பள்ளத்தாக்கு முழுவதும் தழும்பாகிவிடும் என்றார். 'கார்டன் வால்' என்ற செங்குத்துப் பாறைச் சுவரின் இடுப்பிலேயே, ஒரே ஒரு பெரிய வளைவோடு மேலே ஏறும் வேறொரு தடத்தைக் காட்டினார். 1924-ல் மேத்தர் வின்ட்டின் பக்கம் நின்றார். குட்வின் அடுத்த ஆண்டு பதவியை விட்டு விலகினார்.

அந்தத் தடத்தை அளக்கப் போன பொறியாளர் ஃபிராங்க் கிட்ரெட்ஜின் குழு தினமும் காலையில் பல நூறு மீட்டர் ஏறி, பாறை விளிம்பில் கயிற்றில் தொங்கி அளவெடுத்தது. மூன்று மாதத்துக்குள் ஆட்கள் பலமுறை மாறிவிட்டார்கள், அவ்வளவு பேர் வேலையை விட்டு ஓடினார்கள். கட்டுமானத்தில் மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். சரிவு 6 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, தடுப்புச் சுவர்களும் பாலங்களும் அந்த மலையின் கல்லாலேயே இருக்க வேண்டும் என்பவை விதிகள். 2,026 மீட்டர் உயரத்தில் உள்ள லோகன் கணவாயில் 1933 ஜூலை 15 அன்று திறப்புவிழா நடந்தபோது சுமார் 4,000 பேர் கூடினார்கள். 80 கிலோமீட்டர் சாலை, ஒரே ஒரு கொண்டை ஊசி. எதிர்ப்பக்கப் பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தால் மலையில் சாலை இருப்பதே சட்டென்று கண்ணுக்குப் படாது. அகலப்படுத்துவதென்றால் பாறைச் சுவரை மறுபடி வெடிக்க வேண்டும் அல்லது கல் சுவரை இடித்து வெளியே தள்ள வேண்டும். இரண்டையும் செய்யாமல் வண்டியின் நீளத்தைக் கட்டுப்படுத்தியது சரியான முடிவு.

அந்தத் திறப்புவிழாவில் பிளாக்ஃபீட், சாலிஷ், கூட்டனாய் பழங்குடியினரும் கலந்துகொண்டார்கள். பூங்காவின் கிழக்குப் பாதி 1895 வரை பிளாக்ஃபீட் மக்களின் நிலம். நோயும் பஞ்சமும் வாட்டிய காலத்தில் 15 லட்சம் டாலருக்கு அதை அரசுக்குக் கொடுத்தார்கள். யோசெமிட்டியில் அதுகூட இல்லை. 1851-ல் ஆயுதம் தாங்கிய படை புகுந்து அவானீச்சி மக்களின் குடியிருப்புகளை எரித்தது. 'மனிதன் தொடாத இயற்கை' என்ற பூங்காக்களின் புகழ்மொழியைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

சாலை திறந்தாலும் எல்லாருக்கும் திறக்கவில்லை. வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா பூங்காவில் 1939-ல் 'லூயிஸ் மவுண்டன்' என்ற முகாமும் விடுதியும் கறுப்பின மக்களுக்கென்று தனியாகத் திறக்கப்பட்டன. பிற இடங்களில் அவர்களுக்கு இடமில்லை என்பதன் மறுபெயர் அது. 1950-ல்தான் அந்தப் பூங்காவில் பிரிவினை முழுவதும் ஒழிந்தது. எந்த ஊரில் கறுப்பினக் குடும்பம் பயமின்றித் தங்கலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்று சொல்லும் கையேட்டை நியூயார்க்கின் தபால்காரர் விக்டர் கிரீன் 1936 முதல் வெளியிட்டார். காரிலேயே சமைத்து, காரிலேயே படுத்துப் போன கறுப்பினக் குடும்பங்களுக்கு அது உல்லாசமாக இருந்ததைவிடப் பாதுகாப்பாக இருந்தது.

கடற்கரைப் பக்கம் வரலாறு வேறு விதமாகப் போனது. கலிஃபோர்னியாவின் மான்டெரேக்குத் தெற்கே உள்ள பிக் சர் பகுதியில் மலை நேராகக் கடலில் இறங்குகிறது. 1897-ல் ஜான் ராபர்ட்ஸ் என்ற மான்டெரே மருத்துவர் அந்தக் கரையோரமாக நடந்தே போய் வரைபடமும் புகைப்படங்களும் எடுத்து வந்தார். நோயாளிகளைப் பார்க்கக் குதிரையில் மணிக்கணக்காகப் போய்ப் பழகியவர் அவர். ஐம்பதாயிரம் டாலரில் சாலை போட்டுவிடலாம் என்று நம்பினார். மாநில அரசைச் சம்மதிக்க வைக்கவே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1919-ல் பணம் ஒதுக்கி, சிறிது காலத்தில் வேலை தொடங்கி, 1937-ல் முடித்தபோது செலவு சுமார் ஒரு கோடி டாலரைத் தொட்டிருந்தது. சான் குவென்டின் சிறையின் கைதிகள் நாளுக்கு 35 சென்ட் கூலிக்கும் தண்டனைக் குறைப்புக்கும் பாறை உடைத்தார்கள். 1932-ல் முடிந்த பிக்ஸ்பி பாலம் மட்டுமே போதும், அந்தச் சாலையைக் கட்டியவர்களை வணங்க. ஓடையிலிருந்து 79 மீட்டர் உயரம், ஒரே கான்கிரீட் வளைவு.

ஆனால் கிளேசியரில் காட்டிய பொறுமையை இங்கே காட்டவில்லை. மலைச்சரிவை வெடித்துப் பிளந்து, சிதறியதைக் கடலில் தள்ளினார்கள். அடித்தளம் உறுதியில்லாத பாறை அது. பெருமழை பெய்யும் குளிர்காலங்களில் மலை தன் பழைய சரிவைத் தேடி இறங்குகிறது. ஐம்பது தடவைக்கு மேல் சாலை துண்டாகியிருக்கிறது. 2017 மே மாதம் 'மட் கிரீக்' என்ற இடத்தில் பத்து லட்சம் டன்னுக்கும் அதிகமான மண்ணும் பாறையும் சரிந்து, கடலுக்குள் புதிதாக ஒரு கரையே உருவானது. சரிந்த மண்ணின் மேலேயே புதுச் சாலை போட்டுத் திறக்க 14 மாதங்கள் ஆயின.

வடக்கே ஓரிகன் மாநிலத்தின் கடற்கரை முழுவதும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. அது ஓர் அரசியல்வாதியின் சாமர்த்தியத்தால் வந்தது. 1910-களில் கடலோரத்தில் சாலை கிடையாது. அலை வடிந்த நேரத்தில் ஈர மணலின் மேல் தபால் வண்டிகள் ஓடும். ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்ட் இதையே பிடித்துக்கொண்டார். கடற்கரை ஏற்கெனவே பாதையாகத்தான் பயன்படுகிறது, ஆகவே கொலம்பியா ஆற்றின் முகத்திலிருந்து கலிஃபோர்னியா எல்லை வரை அதைப் பொது நெடுஞ்சாலை என்று அறிவித்துவிடலாம் என்று ஒரு சின்ன மசோதா கொண்டுவந்தார். 1913-ல் அது சட்டமானது. கடற்கரையைக் காக்கும் சட்டம் என்று கொண்டுவந்திருந்தால் நிலக்காரர்கள் விட்டிருக்க மாட்டார்கள். நெடுஞ்சாலைக்கு யார் மறுப்புச் சொல்வார்கள்?

அந்தச் சட்டத்துக்கு ஓர் ஓட்டை இருந்தது. அலை நனைக்கும் மணல் பொதுச்சொத்து, அதற்கு மேலுள்ள உலர்ந்த மணல் யாருடையது? 1966-ல் கேனன் பீச்சில் ஒரு விடுதிக்காரர் உலர்ந்த மணலுக்கு வேலி போட்டுத் தன் விருந்தினருக்கு மட்டும் என்றார். மாநிலமே கொந்தளித்தது. ஆளுநர் டாம் மெக்கால் 1967 மே மாதம் நில அளவையாளர்களையும் செய்தியாளர்களையும் கூட்டிக்கொண்டு ஹெலிகாப்டரில் கடற்கரையில் போய் இறங்கினார். எது வரை பொது என்று மணலில் கழி நட்டு அளந்து காட்டினார். அந்த ஜூலையில், செடிகொடிகள் தொடங்கும் கோடு வரை மக்கள் உரிமையை உறுதிசெய்யும் சட்டம் கையெழுத்தானது. கடலோர நெடுஞ்சாலையில் படகுத் துறைகள் இருந்த இடங்களில் பொறியாளர் காண்டே மெக்கல்லோ கட்டி 1936-ல் திறந்த ஐந்து பெரிய பாலங்களும், மாநிலப் பூங்காக்களின் முதல் கண்காணிப்பாளர் சாமுவேல் போர்டுமேன் இருபது ஆண்டுகள் கெஞ்சியும் பேரம் பேசியும் சேர்த்த கடலோரப் பூங்காக்களும் இந்தச் சட்டத்தோடு சேர்ந்துதான் ஓரிகன் கரையை ஆர்.வி. பயணிகளின் விருப்பமான இடமாக்கின.

வண்டிகள் இதற்குள் வளர்ந்துவிட்டன. 1929-ல் டெட்ராய்ட்டில் ஆர்தர் ஷெர்மன் என்ற நுண்ணுயிரியலாளர், தான் வாங்கிய கூடார டிரெய்லரை மழையில் விரிக்க முடியாமல் வெறுத்துப்போய், 9 அடி நீளத்தில் ஒரு பலகைப் பெட்டியைச் சக்கரத்தின் மேல் ஏற்றினார். பிள்ளைகள் விளையாட்டாக வைத்த 'கவர்டு வேகன்' என்ற பெயரிலேயே அது சில ஆண்டுகளில் நாட்டின் மிகப் பெரிய டிரெய்லர் கம்பெனி ஆனது. 1936-ல் வாலி பயம் என்பவர் தன் அலுமினிய ஏர்ஸ்ட்ரீம் 'கிளிப்பர்' டிரெய்லரை 1,200 டாலருக்கு விற்றார். அதே சமயம் ரோஜர் பாப்சன் என்ற பொருளாதாரக் கணிப்பாளர், இருபது ஆண்டுக்குள் அமெரிக்கர்களில் பாதிப் பேர் டிரெய்லரில் வாழ்வார்கள் என்றார். அது நடக்கவில்லை. ஆனால் இரண்டாம் உலகப் போர் முடிந்து, கையில் காசும் விடுமுறையும் சேர்ந்தபோது, 1940-ல் 1.7 கோடியாக இருந்த தேசியப் பூங்கா வருகை 1955-ல் ஐந்து கோடியைத் தாண்டிவிட்டது.

திணறிய பூங்காச் சேவை 1956-ல் 'மிஷன் 66' என்ற பத்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கி நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. பார்வையாளர் மையங்கள், கழிப்பறைகள், பெரிய முகாம்கள் வந்தன. கூடவே டியோகா சாலையை அகலப்படுத்த டெனாயா ஏரியோரத்துக் கருங்கல் சரிவுகளுக்கு வெடி வைத்தார்கள். புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் உயிரைக் கொடுத்து எதிர்த்தார், பலிக்கவில்லை. சாலை 1961-ல் திறந்தது. இன்று பெரிய மோட்டார் ஹோம்கள் அதில் தடையின்றிப் போகின்றன. கிளேசியரில் காத்தது இங்கே பறிபோனது என்பதுதான் நேர்மையான கணக்கு.

1962-ல் மான்டானாவின் பில்லிங்ஸ் நகரில், சியாட்டில் உலகக் கண்காட்சிக்குப் போகிறவர்களுக்காக ஆற்றோரத்தில் தொடங்கிய தனியார் முகாம் பின்னாளில் 'கே.ஓ.ஏ.' என்ற பெருஞ்சங்கிலியானது. சூடான குளியல் உட்பட ஓர் இரவுக்கு 1.75 டாலர். 1966-ல் ஐயோவா மாநிலத்தின் விண்ணபேகோ நிறுவனம் மோட்டார் ஹோம்களைத் தொழிற்சாலை வரிசையில் செய்து, போட்டி வண்டிகளின் விலையில் ஏறத்தாழ பாதிக்கு விற்றது. இண்டியானாவின் எல்கார்ட் வட்டாரம் இந்தத் தொழிலின் தலைநகர் ஆனது. 1973-ன் எண்ணெய் நெருக்கடியும் 2008-ன் நிதிச் சரிவும் அந்த வட்டாரத்தை முடக்கிப் போட்டன. 2009-ல் அங்கே வேலையின்மை 20 சதவீதத்தை நெருங்கியது. கொரோனா காலத்தில் விமானமும் விடுதியும் வேண்டாம் என்றவர்கள் திரும்பி வந்தார்கள், 2021-ல் ஆறு லட்சம் ஆர்.வி.கள் தொழிற்சாலைகளை விட்டு வெளியேறின.

பல சாலைகள் மட்டும் 1930-களின் அளவிலேயே நிற்கின்றன. யூட்டா மாநிலத்தின் சயான் பூங்காவில் 1930-ல் குடைந்த 1.7 கிலோமீட்டர் சுரங்கப்பாதையில் பெரிய வண்டி நுழைந்தால் எதிர்ப்பக்கப் போக்குவரத்தை முழுவதும் நிறுத்த வேண்டியிருந்தது. 2026-ன் நடுப்பகுதியிலிருந்து அவற்றுக்கு அனுமதியே இல்லை என்று பூங்கா நிர்வாகம் அறிவித்தது.

ஆகவே மலையையும் கடலையும் ஒரே சுற்றில் பார்க்கத் திட்டமிடுகிறவர்கள், நாட்காட்டியிலிருந்து தொடங்குவது நல்லது. லோகன் கணவாயின் பனியை அகற்றி முடிக்க ஜூன் கடைசி, சில ஆண்டுகளில் ஜூலை நடுப்பகுதி ஆகிவிடும். டியோகா நவம்பர் வாக்கில் மூடினால் மே கடைசிக்கோ ஜூனுக்கோதான் திறக்கும். எனவே ஜூலைக் கடைசியில் கிளேசியரில் தொடங்கி, வண்டியை அடிவாரத்து முகாமில் நிறுத்திவிட்டு, 1930-களில் வாங்கி இன்றும் ஓடும் திறந்த கூரைச் சிவப்புப் பேருந்துகளில் மலையேறலாம். அங்கிருந்து மேற்கே ரெய்னியர், பிறகு ஓரிகன் கரையோரமாகத் தெற்கே இறங்கி ரெட்வுட் காடுகள், பிக் சர். செப்டம்பரில் கடற்கரையின் கோடைப் பனிமூட்டம் விலகும், பள்ளிகள் திறந்துவிட்டதால் கூட்டமும் குறையும். கடைசியாக யோசெமிட்டி, டியோகா சாலை. நல்ல முகாம் இடங்களுக்கு ஆறு மாதம் முன்பே பதிவு திறக்கும், திறந்த சில நிமிடங்களில் தீரும். பிக் சருக்கு வடக்கிலிருந்து நுழைந்து தெற்கே வெளியேற முடியுமா என்பதை மட்டும் புறப்படும் வாரத்தில் கலிஃபோர்னியா நெடுஞ்சாலைத் துறையின் அறிவிப்பைப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.